மண்டாய் விலங்குத் தோட்டமா, ஜேக்கப் பாலாஸ் சிறுவர் பூங்காவா?

பள்ளி விடுமுறை வந்தாலே சிங்கப்பூரில் எங்கள் வீட்டில் இதே பேச்சுதான்.

செலவு: மண்டாயில் 3 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் கட்டணம் இல்லை, மற்றவர்களுக்கு உண்டு. தாவரவியல் பூங்காவில் இருக்கும் ஜேக்கப் பாலாஸ் எல்லாருக்கும் இலவசம். திங்கட்கிழமை மட்டும் மூடியிருக்கும்.

போக்குவரத்து: மண்டாய்க்குக் காத்திப் எம்ஆர்டி ரயில் நிலையத்தில் இறங்கி பஸ் பிடிக்க வேண்டும். ஜேக்கப் பாலாஸுக்கு எம்ஆர்டியிலிருந்து நடந்தே போகலாம்.

பிள்ளைகளுக்கு: மண்டாயில் தலைக்கு மேல் ஒராங் ஊத்தான் கயிறு பிடித்துப் போனபோது, என் மகள் வாயில் வைத்த பிஸ்கட்டைக் கடிக்க மறந்து நின்றாள். அந்த முகத்துக்காகவே கட்டணம் கொடுக்கலாம். ஜேக்கப் பாலாஸில் மணலும் தண்ணீரும், மாற்றுத்துணி அவசியம்.

மதியம் தூங்கும் கைக்குழந்தை என்றால் ஜேக்கப் பாலாஸ் போதும். நாலு வயதைத் தாண்டிய பிள்ளை, அப்புறம் ஊரிலிருந்து தாத்தா பாட்டியும் வந்திருந்தால், மண்டாய்தான்.