பழைய எம்.ஜி.பி. கார் வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு: புதுத் தகடு என்று சொல்லித் துருவை மூடிக் கொடுத்தார்கள்

போன அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. இங்கிலாந்தில் லெஸ்டரிலிருந்து ரட்லண்ட் வாட்டர் ஏரிக்கு நானும் மனைவியும் கிளம்பினோம். வழியில் இடது பின் டயர் பஞ்சர். ஓரமாக நிறுத்தி, வண்டியோடு வந்த பழைய ஜாக்கியை எடுத்து, கதவுக்குக் கீழே அதற்கென்று இருக்கிற இடத்தில் மாட்டிச் சுற்ற ஆரம்பித்தேன். நாலாவது சுற்றில் அப்பளத்தை மிதித்த மாதிரி ஒரு சத்தம். சக்கரம் தரையை விட்டு எழும்பவே இல்லை. ஜாக்கியின் கை மட்டும் வண்டியின் உடம்புக்குள் ஏறிக்கொண்டிருந்தது. மனைவி கைப்பையை எடுக்கக் கதவைத் திறக்கப் பார்த்தார். திறக்கவில்லை. குனிந்து பார்த்தால், தார் மாதிரிப் பூசியிருந்த கறுப்புப் பூச்சு பிளந்து, உள்ளேயிருந்து பழுப்புச் செதில்கள் கொட்டிக்கொண்டிருந்தன. கூடவே பெயின்டுக்கு அடியில் பள்ளத்தை நிரப்பப் பூசுகிற பட்டி, உள்ளங்கை அளவுக்கு ஒரு கட்டியாக விழுந்தது.

இதே இடத்தைப் புதுசாக மாற்றிக் கொடுத்ததாகச் சொல்லித்தான் பதினாறு மாதம் முன்பு என்னிடம் 5,800 பவுண்டு வாங்கினார்கள்.

பட்டறையின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. என்ன செய்தார்கள், எப்படிச் செய்தார்கள், நான் எதையெல்லாம் கவனிக்காமல் விட்டேன் என்பதைத்தான் எழுதுகிறேன். இது ஒரு கடையில் மட்டும் நடக்கிற வேலை இல்லை என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன்.

வண்டி 1973-இல் இங்கிலாந்தின் ஆபிங்டன் தொழிற்சாலையில் செய்த எம்.ஜி.பி. ரோட்ஸ்டர், கூரையில்லாத சின்ன ஸ்போர்ட்ஸ் கார், அடர்சிவப்பு. 2019-இல் வாங்கினேன். எனக்கு இந்த வண்டி மேல் ஆசை வந்ததற்குக் காரணம் இன்ஜின். மதுரையில் அப்பா இருபது வருஷத்துக்கு மேல் அம்பாசிடர் டாக்சி ஓட்டினார். அந்த அம்பாசிடரில் இருந்த 1489 சிசி இன்ஜினும் எம்.ஜி.பி.யின் 1798 சிசி இன்ஜினும் ஒரே பி-சீரிஸ் குடும்பம். வாங்கிய அன்று பானெட்டைத் திறந்து வீடியோவில் காட்டினேன். அப்பா கொஞ்ச நேரம் சத்தத்தைக் கேட்டுவிட்டு, “டேப்பெட் அடிக்குது பாருய்யா, முதல்ல அதைச் சரி பண்ணு” என்றார். அப்புறம் இன்னொன்றும் சொன்னார்: “கதவு ஒரே விரல்ல மூடணும். தூக்கி மூடுற மாதிரி ஆச்சுன்னா பாடி வளையுதுன்னு அர்த்தம்.” அம்பாசிடரும் எம்.ஜி.பி. போலவே தனி சேசிஸ் இல்லாத வண்டி. பாடிதான் எல்லாப் பாரத்தையும் தாங்கும். அப்பாவுக்கு அது நன்றாகத் தெரியும். நான்தான் அந்தப் பேச்சை அன்றைக்கே மறந்துவிட்டேன்.

அந்தப் பகுதியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கதவுக்குக் கீழே முன் சக்கரத்திலிருந்து பின் சக்கரம் வரை ஓடுகிற இரும்புப் பெட்டியை இங்கே ‘சில்’ என்கிறார்கள். எம்.ஜி.பி.யில் அது ஒற்றைத் தகடு இல்லை. வெளித் தகடு, நடுத் தகடு, உள் தகடு, அடியில் கேஸில் ரெயில் என்று ஒரு வளைந்த பட்டை, எல்லாம் சேர்ந்து ஒரு பெட்டி. ரோட்ஸ்டருக்குக் கூரை கிடையாது. வண்டி நடுவில் மடிந்துபோகாமல் பிடித்துக்கொண்டிருப்பதில் பெரும்பங்கு இந்த இரண்டு பெட்டிகளுக்கும்தான். மழைக்காலச் சேறும் பனிக்காலத்தில் ரோட்டில் தூவுகிற உப்பும் சக்கர வளைவு வழியாகப் போய் இதற்குள் தங்கும். துரு உள்ளேயிருந்து தொடங்கும். வெளியே பெயின்டில் ஒரு கொப்புளம் தெரிகிறபோது உள்ளே பாதி போயிருக்கும்.

2023 வசந்தத்தில் எனக்கு அப்படி இரண்டு கொப்புளம் தெரிந்தது. ‘பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்தான் எங்கள் தொழில்’ என்று போர்டு வைத்திருந்த பட்டறைக்குப் போனேன். உரிமையாளர் மிக மரியாதையானவர். டீ கொடுத்து உட்காரவைத்துப் பேசினார். இரண்டு பக்கமும் முழு சில், கேஸில் ரெயில், ஜாக்கி இடம், பெயின்ட் எல்லாம் சேர்த்து 5,800 பவுண்டு என்று மின்னஞ்சலில் எழுதிக் கொடுத்தார். இந்த மின்னஞ்சல்தான் கடைசியில் என்னைக் காப்பாற்றியது. முன்பணம் 3,000. கார்டு மெஷின் ரிப்பேர், வங்கிக் கணக்கில் போட்டுவிடுங்கள் என்றார். மீதியையும் அப்படியே வாங்கிக்கொண்டார். கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால் 1974-ஆம் வருஷத்து நுகர்வோர் கடன் சட்டத்தின் 75-ஆம் பிரிவின்படி வங்கியிடமே முறையிட்டிருக்கலாம். 100 பவுண்டுக்கு மேல் 30,000 பவுண்டு வரை விலையுள்ள வேலைக்கு அது பொருந்தும். முன்பணத்தை மட்டும் கார்டில் கட்டியிருந்தால்கூடப் போதும்.

வேலை நடக்கும்போது படம் அனுப்புங்கள் என்று கேட்டேன். ஐந்து படம் வந்தது. சிவப்பு எம்.ஜி.பி., முன் மட்கார்டின் கீழ்ப்பகுதி வெட்டி எடுக்கப்பட்டு, உள்ளே பளபளவென்று புதுத் தகடு. மனம் குளிர்ந்துபோனது. மனைவியிடம் காட்டினேன், அப்பாவுக்கும் அனுப்பினேன். பஞ்சரான அன்று ராத்திரி அதே படங்களைத் திரும்ப எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தேன். மூன்றாவது படத்தின் ஓரத்தில் சக்கரம் கழற்றிய முன் அச்சு தெரிகிறது. அதன் முனையில், சக்கரம் உட்காருகிற இடத்தில் இருந்தது கம்பிச் சக்கரம் மாட்டுகிற, பல் வெட்டிய ஹப். என் வண்டியில் இருப்பது நாலு நட்டு போட்டு முடுக்குகிற ரோஸ்டைல் சக்கரம். படத்தில் இருந்தது என் வண்டியே இல்லை.

அந்த ஒரு நிமிஷம் எனக்கு வந்த கோபத்தை எழுத வார்த்தை இல்லை. பணம் போனதற்காக மட்டும் இல்லை. அந்தப் பதினாறு மாதத்தில் மகளைப் பக்கத்தில் உட்காரவைத்து மோட்டார்வேயில் எழுபது மைலில் போயிருக்கிறேன். சீட் பெல்ட்டின் பிடிமானமும் அந்தத் துருப்பெட்டியை ஒட்டித்தான் இருக்கிறது.

வண்டியை லாரியில் ஏற்றிக்கொண்டு போய் வேறொரு பட்டறைப் பெரியவரிடம் காட்டினேன். நாற்பது வருஷமாக எம்.ஜி. மட்டுமே பார்க்கிறவர். அவர் எதையும் பிரிக்கவில்லை. முதலில் ஒரு சின்னக் காந்தத்தைத் துணியில் சுற்றி சில் ஓரமாக நகர்த்திக்கொண்டே வந்தார். கதவின் நடுவில் வந்ததும் காந்தம் பிடி விட்டுக் கீழே விழுந்தது. அங்கே காந்தத்துக்கு எட்டுகிற ஆழத்தில் இரும்பு இல்லை, கனமான பட்டி. பிறகு முன் சக்கர வளைவுக்குள் கையைவிட்டு, மட்கார்டுக்குப் பின்னால் சில் முடிகிற இடத்தைத் தடவிப் பார்க்கச் சொன்னார். என் விரலுக்குத் தட்டுப்பட்டது பழைய ஓட்டைத் தகடு. அதன் முனை கையோடு உதிர்ந்தது.

விஷயம் இதுதான். எம்.ஜி.பி.யின் வெளி சில் கதவின் அகலத்தோடு நிற்பதில்லை. முன் மட்கார்டுக்கு உள்ளேயும் பின் மட்கார்டுக்கு உள்ளேயும் நீண்டு போகிறது. அதை உண்மையாக மாற்ற வேண்டுமானால் முன் மட்கார்டைக் கழற்ற வேண்டும், அல்லது அதன் கீழ்ப்பகுதியை வெட்ட வேண்டும்; பின் மட்கார்டின் கீழ்ப்பகுதியை வெட்டி எடுத்து, வேலை முடிந்ததும் திரும்ப வெல்டிங் வைத்தாக வேண்டும். மட்கார்டைத் தொடாமல் சில் மாற்றினோம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எனக்குச் செய்தது என்னவென்றால், பழைய துருத் தகட்டை அப்படியே விட்டுவிட்டு, கதவு அகலத்துக்கு மட்டும் ஒரு மேல்தகட்டை வைத்து, அங்கொன்றும் இங்கொன்றுமாக வெல்டிங் புள்ளி அடித்து, இடைவெளியைப் பட்டியால் நிரப்பி, பெயின்ட் அடித்து, அடியில் கறுப்புப் பூச்சைக் கனமாக ஊற்றிவிட்டார்கள். இரண்டு தகட்டுக்கும் நடுவில் தண்ணீர் தங்கி, முன்பைவிட வேகமாக அரித்திருக்கிறது. பெரியவர் ஒரு துளை வழியாகக் குழாய்க் கேமராவை விட்டுக் காட்டினார். கேஸில் ரெயில் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டடி நீளத்துக்கு ஒன்றுமே இல்லை.

அந்தக் கடைக்காரரை அழைத்துக் கேட்டபோது, உள் தகடுகள் இப்போது கிடைப்பதில்லை, அதனால் முடிந்தவரை செய்தோம் என்றார். சுத்தப் பொய். பழைய வண்டிகளிலேயே உதிரிபாகம் மிகச் சுலபமாகக் கிடைப்பது எம்.ஜி.பி.க்குத்தான். 1962-இலிருந்து 1980 வரை ஐந்து லட்சத்துக்கும் மேல் செய்த வண்டி இது. 1988-இலிருந்து பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிட்டேஜ் நிறுவனம், மூல அச்சுகளை வைத்து முழு பாடியையே புதிதாகச் செய்து கொடுக்கிறது. தகட்டுக்கு ஆகிற செலவு கொஞ்சம்தான். நாம் கொட்டிக் கொடுப்பது உழைப்புக்கு. அந்த உழைப்பைத்தான் அவர்கள் செய்யவில்லை.

என் பக்கத்துத் தவறு ஒன்றையும் சொல்லியாக வேண்டும். நாற்பது வயது தாண்டிய, பெரிய மாற்றம் எதுவும் செய்யாத வண்டிக்கு 2018 மே மாதத்திலிருந்து எம்.ஓ.டி. சோதனை, அதாவது வண்டி ஓட்டத் தகுதியாக இருக்கிறதா என்று வருஷாவருஷம் பார்க்கிற சோதனை, கட்டாயம் இல்லை. விலக்கு இருக்கிறதே என்று நானும் விட்டுவிட்டேன். விலக்கு இருந்தாலும் நாமாக விரும்பி எம்.ஓ.டி. எடுக்கலாம், அறுபது பவுண்டுகூட ஆகாது. சோதனை செய்கிறவர் எதையும் கழற்றிப் பார்க்க மாட்டார், கனமான பூச்சுக்கு அடியில் இருப்பது அவர் கண்ணுக்குத் தப்பவும் கூடும். ஆனால் பாரம் தாங்குகிற இடத்தில் ஒட்டுத் தகடு வைத்தால் சுற்றிலும் விடாமல் வெல்டிங் இருக்க வேண்டும் என்பது அவர்களுடைய விதி. வண்டியைப் பட்டறையிலிருந்து எடுக்கிற அன்றே, மீதிப் பணம் கொடுக்கும் முன், எம்.ஓ.டி.க்கு விட்டிருந்தால் அந்தப் புள்ளி வெல்டிங் மாட்டியிருக்கலாம். வேலை முடிந்து வந்த முதல் வாரத்திலேயே இடது கதவை லேசாகத் தூக்கித்தான் மூட வேண்டியிருந்தது. ரப்பர் புதுசு, போகப்போகச் சரியாகிவிடும் என்றார்கள். தலையாட்டிவிட்டு வந்தேன்.

பணத்தைத் திரும்பக் கேட்ட கதை நீளம், சுருக்கிச் சொல்கிறேன். மக்களுக்கு இலவசமாக ஆலோசனை சொல்கிற சிட்டிசன்ஸ் அட்வைஸ் அமைப்பின் உதவி எண்ணில் நல்ல வழி காட்டினார்கள். 2015-ஆம் வருஷத்து நுகர்வோர் உரிமைச் சட்டப்படி எந்த வேலையையும் நியாயமான கவனத்தோடும் திறமையோடும் செய்து கொடுக்க வேண்டும். இல்லையென்றால் திரும்பச் செய்யச் சொல்லலாம், அல்லது விலையைக் குறைக்கச் சொல்லலாம். ஆத்திரத்தில் உடனே பிரித்து வேலையை ஆரம்பித்துவிடாதீர்கள் என்று அங்கே சொன்னது பெரிய புத்தி. பிரித்துவிட்டால் சாட்சி போய்விடும். பெரியவரிடம் எழுத்தில் அறிக்கை வாங்கினேன். நம்பர் பிளேட் தெரிகிற மாதிரி தொடங்கி, கேமரா உள்ளே போவது வரை நிறுத்தாமல் ஒரே வீடியோவாக எடுத்தோம். பதினான்கு நாள் கெடு வைத்துப் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்பினேன். பதில் இல்லை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 10,000 பவுண்டு வரை சிறு வழக்காகப் போடலாம், வக்கீல் தேவையில்லை. போட்டேன். இப்போதெல்லாம் முதலில் தொலைபேசியில் சமரசப் பேச்சு கட்டாயம். அந்த ஹப் தெரிகிற மூன்றாவது படத்தையும் என் வண்டியின் சக்கரப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஏற்கெனவே அனுப்பியிருந்தேன். 4,500 பவுண்டு திருப்பிக் கொடுக்கிறேன், மூன்று தவணை என்று ஒப்புக்கொண்டார். இரண்டு வந்துவிட்டது.

முழுத் தொகை கிடைக்கவில்லையே என்று சிலர் கேட்கிறார்கள். எனக்கும் அந்த வருத்தம் உண்டு. ஆனால் இன்னும் ஒரு வருஷம் இதைச் சுமக்க மனசில் தெம்பில்லை.

இப்போது வண்டி அந்தப் பெரியவரிடம்தான் இருக்கிறது. அவர் வேலை செய்கிற விதத்தைப் பாருங்கள். வெட்டுவதற்கு முன் கதவு வாசலின் குறுக்கே இரும்புக் குழாய் வைத்து வெல்டிங் அடித்தார், பாடி அசையாமல் இருக்க. கதவைக் கழற்றாமல், ஒவ்வொரு தகடு வைக்கும்போதும் மூடி மூடிப் பார்த்து, சுற்றிலும் இடைவெளி சமமாக வருகிறதா என்று விரலால் அளந்தார். அவசரப்பட்டு வெட்டிவிட்டால் வண்டி நடுவில் தொய்ந்து, அந்த வளைவோடு புதுத் தகடு உட்கார்ந்துவிடும், பிறகு கதவு ஜன்மத்துக்கும் சரியாகாது என்றார். கேஸில் ரெயில், நடுத் தகடு, கடைசியில் வெளித் தகடு. மூடுவதற்கு முன் உள்ளே பிரைமர். எல்லாம் முடிந்ததும் உள்ளே மெழுகுக் கரைசல் பீய்ச்சுவார். தினமும் சாயங்காலம் என் நம்பர் பிளேட்டைப் பக்கத்தில் வைத்துப் படம் அனுப்புகிறார், நான் கேட்காமலே.

உங்கள் வண்டிக்கு முன்பு யாரோ சில் மாற்றியதாகப் பில் இருந்தால், இந்த வாரமே முன் சக்கரத்தைத் திருப்பி, மட்கார்டுக்குள் கையைவிட்டுத் தடவிப் பாருங்கள். கீழே கறுப்புப் பூச்சு புதுசாகவும் கனமாகவும் இருந்தால் இன்னும் கவனமாகப் பாருங்கள். ஜாக்கி போடும் முன் அந்த இடத்தைக் கட்டாயம் தட்டிப் பாருங்கள். என்னைப் போல நடுரோட்டில் தெரிந்துகொள்ள வேண்டாம்.

பதினான்கு நாள் கெடு வைத்த கடிதத்தின் நகல் என்னிடம் இருக்கிறது. யாருக்காவது தேவைப்பட்டால் கேளுங்கள், பெயர்களை எடுத்துவிட்டு அனுப்புகிறேன். இடது பக்கம் முடிந்துவிட்டது. வலது பக்கத்தை நேற்றுத்தான் வெட்டித் திறந்தார், அங்கேயும் அதே மேல்தகடுதான்.