நெல்லையில் பொதுக் கட்டடங்களுக்கான ஏசி வருடப் பராமரிப்பு: எது காசுக்குப் பெறும், எது பெறாது

நூலகம், கோர்ட், அரசு அலுவலகம், மருத்துவமனை என எந்தப் பொதுக் கட்டடமாக இருந்தாலும் நம் பக்கத்தில் ஏசி பராமரிப்புக்குப் பழகிப்போன ஏற்பாடு ஒன்றுதான்: வருடத்துக்கு நான்கு சர்வீஸ், நடுவில் பழுதென்று கூப்பிட்டால் ஆள் வருவது. பாளையிலும் ஜங்ஷனிலும் கைவேலை தெரிந்த மெக்கானிக்குகளுக்குக் குறைவில்லை. ஒப்பந்தத்தை எழுதும் விதத்தில்தான் கோளாறு.

முதலில் தேதி. மூன்று மாதத்துக்கு ஒன்று என்று சமமாகக் கூறு போடுவது நெல்லைப் பருவத்துக்கு ஒத்துவராது. முழு சர்வீஸ் மாசி முடிவதற்குள் நடந்தாக வேண்டும். சித்திரை பிறந்தபின் எல்லாக் கட்டடமும் ஒரே நேரத்தில் கூப்பிடும்; அவசரத்தில் ஃபில்டரை உதறி மாட்டிவிட்டுப் போவார்கள். இரண்டாவது, ஆனி ஆடியில் மேற்கிலிருந்து வீசும் மேல்காற்று ஓய்ந்து ஆவணியில். செங்கோட்டைக் கணவாய், ஆரல்வாய்மொழிப் பக்கமிருந்து வரும் காற்று புழுதியை அள்ளி அவுட்டோர் காயிலின் (வெளிப் பெட்டியில் சூட்டை வெளியேற்றும் குழாய் அடுக்கு) பின்புறம் அப்பிவிடும். வள்ளியூர், பணகுடி, ராதாபுரம் வட்டாரத்தில் இது இன்னும் கடுமை. மூன்றாவது, மழை முடிந்து மார்கழியில். அப்போது பார்க்க வேண்டியது மின் இணைப்புகளை. அவுட்டோர் பெட்டிக்குள் ஒதுங்கும் எறும்பு கான்டாக்டர் (கம்ப்ரசருக்கு மின்சாரம் விடும் சுவிட்ச்) முனைகளுக்கு நடுவே நசுங்கும், பல்லி பி.சி.பி. என்ற மின்னணு போர்டில் குறுக்கே விழுந்து போர்டையே எரிக்கும். நான்காவது வருகையை வைகாசியில், தண்ணீர் வெளியேறும் டிரெயின் பைப்பைப் பார்க்க மட்டும் வைத்தால் போதும்.

மேல்காற்றைப் பற்றி இன்னொன்று. மேற்குச் சுவரில், விசிறி மேற்கே பார்த்தபடி மாட்டிய அவுட்டோர் யூனிட் ஆனி மாதத்தில் காற்றை எதிர்த்துத் தள்ள வேண்டியிருக்கும். வெளியே போக வேண்டிய சூடு திரும்பி வரும், பிரஷர் ஏறும், கம்ப்ரசர் டிரிப் ஆகும். அதற்கு கேஸ் (குளிரூட்டும் வாயு) ஏற்றிப் பயனில்லை. யூனிட்டை வடக்குச் சுவருக்கு மாற்ற வேண்டும், முடியாவிட்டால் விசிறிக்கு முன்னால் இடம் விட்டு ஒரு தடுப்புத் தகடு வைக்க வேண்டும்.

வாட்டர் சர்வீஸில் நம் ஆட்கள் நல்ல தேர்ச்சி. மெஷினைச் சுற்றிப் பை கட்டி, பி.சி.பி.யை மூடி, பம்பால் காயிலைக் கழுவுவது சுத்தமாகவே நடக்கிறது. விட்டுப்போவது இரண்டு இடம்: அறைக்குள் காற்றைத் தள்ளும் விசிறியான புளோயரும், காயிலில் வடியும் தண்ணீரை ஏந்தும் டிரெயின் டிரேயும். புளோயர் இதழ்களில் கெட்டியாகப் படிந்த அழுக்கை பிரஷ் போட்டு எடுக்காவிட்டால், காயில் பளபளத்தாலும் காற்று வராது. டிரேயைக் கழற்றிப் பார்த்தால் மூலையில் பழுப்பு நிறத்தில் கொழகொழவென்று ஒரு பாசிக்கட்டி இருக்கும். அதுதான் பைப்பை அடைத்துப் புத்தக அலமாரி மேல் தண்ணீரைக் கொட்டுவது. டிரெயின் பைப்புக்கு மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டராவது சரிவு வேண்டும். கூரையில் பதித்த சீலிங் கேசட் மெஷின் என்றால் டிரேயில் தண்ணீர் ஊற்றி, டிரெயின் பம்ப் தூக்குகிறதா, ஃப்ளோட் சுவிட்ச் மெஷினை நிறுத்துகிறதா என்று பார்த்த பிறகே மூட வேண்டும். கழுவுவதற்கு உப்பு போர்த் தண்ணீர் வேண்டாம், காயிலில் பொரிந்துவிடும். தாமிரபரணிக் குழாய்த் தண்ணீர் நல்லது.

காசு கரைகிற இடம் கேஸ். “கேஸ் குறைந்துபோச்சு, ஏற்றிவிட்டோம்” என்று வருடா வருடம் பில் வந்தால் அது சர்வீஸே இல்லை. ஓடி ஓடித் தீர்ந்துபோக அது பெட்ரோல் அல்ல. குறைந்தால் எங்கோ கசிகிறது. செப்புக் குழாயின் விரித்த முனையை (ஃப்ளேர்) இறுக்கும் ஃப்ளேர் நட்டைப் பாருங்கள்: கசிந்த எண்ணெயில் புழுதி ஒட்டி, நட்டைச் சுற்றிக் கருப்பாக ஒரு வளையம் தெரியும். அங்கே சோப்பு நுரை வைத்தால் குமிழி வரும். ஃப்ளேரை வெட்டிப் புதிதாக அடித்து, நைட்ரஜன் ஏற்றி கேஜ் முள் இறங்காததைக் காட்டி, வேக்யூம் பம்பால் 500 மைக்ரான் (வெற்றிடத்தை அளக்கும் அலகு) வரை இழுத்து, பிறகு அவுட்டோர் தகட்டில் எழுதியிருக்கும் கிராம் அளவைத் தராசில் நிறுத்து ஏற்ற வேண்டும். இன்வெர்ட்டர் மெஷினில் கம்ப்ரசர் வேகம் மாறிக்கொண்டே இருப்பதால் கேஜ் காட்டும் பிரஷரை மட்டும் நம்பி ஏற்றக் கூடாது. ஆர்-410ஏ இரண்டு கேஸ்கள் பாதிக்குப் பாதி கலந்தது, திரவமாகத்தான் விட வேண்டும். ஆர்-32 தீப்பற்றக் கூடியது. லைனில் கேஸ் இருக்கும்போது பிரேசிங் டார்ச்சைப் பக்கத்தில் கொண்டு போகவே கூடாது. நைட்ரஜனுக்குப் பதில் ஆக்சிஜனை ஏற்றிச் சோதிக்கும் ஆளை உடனே தடுத்து நிறுத்துங்கள்: உள்ளே இருக்கும் எண்ணெயோடு சேர்ந்து வெடிக்கும். இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

பழைய மெஷின்களில் கம்ப்ரசர் உறுமிவிட்டு நின்றால் முதலில் பார்க்க வேண்டியது கெபாசிட்டர், கம்ப்ரசர் மோட்டார் கிளம்பி ஓட உதவும் உதிரி. 45 மைக்ரோஃபாரட், ±5 சதவீதம் என்று அச்சிட்டிருந்தால் மீட்டரில் 42.75-க்குக் கீழே காட்டும்போதே மாற்ற வேண்டும், வீங்கும்வரை காத்திருந்தால் கம்ப்ரசர் போய்விடும். சின்ன உதிரிதான், ஆனால் பல ஒப்பந்தங்களில் இதற்குத் தனி அனுமதி வாங்க வேண்டியிருப்பதால் அறை நாள்கணக்கில் வேகும். கெபாசிட்டர், ஃபேன் மோட்டார், கான்டாக்டர் மூன்றும் ஒப்பந்தத்துக்குள் இருக்க வேண்டும்.

உவரி, கூடங்குளம் போன்ற கடலோரக் கட்டடங்களுக்கு மற்ற ஊர்களின் கணக்கு செல்லாது. உப்புக் காற்றில் காயிலின் மெல்லிய அலுமினியத் தகடுகள் (ஃபின்) தொட்டால் பொடியாகும். அங்கே மாதம் ஒருமுறை அவுட்டோரை நல்ல தண்ணீரில் அலசுவதும், வாங்கும்போதே பூச்சு போட்ட காயிலைக் கேட்பதும்தான் வழி. முழு ஒப்பந்தம் என்று சொல்லிவிட்டு காயிலையும் கேஸையும் பி.சி.பி.யையும் சிறிய எழுத்தில் விலக்கி வைத்திருப்பார்கள். கையெழுத்துக்கு முன் அந்த வரிகளைப் படியுங்கள்.

ஆள் எப்படி என்பதை சர்வீஸ் சீட்டு காட்டிக்கொடுக்கும். “சர்வீஸ் முடிந்தது” என்று மட்டும் எழுதியிருந்தால் பணம் நிறுத்தலாம். ஒவ்வொரு மெஷினுக்கும் வோல்டேஜ், கிளாம்ப் மீட்டரில் ஆம்ப்ஸ், உள்ளே இழுக்கும் காற்றும் வெளியே விடும் காற்றும் எத்தனை டிகிரி என்று எழுதியிருக்க வேண்டும். மெஷின் முழு வேகத்தில் ஓடும்போது இரண்டு காற்றுக்கும் 8 முதல் 12 டிகிரி வித்தியாசம் இருந்தால் சரி. போன சீட்டையும் இந்தச் சீட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எந்த மெஷின் தளர்கிறது என்று ஆபீஸ் கிளார்க்கே சொல்லிவிடலாம்.

சர்வர் அறை, ரத்த வங்கி மாதிரி நிற்கவே கூடாத இடங்களுக்கு இந்த நான்கு வருகை ஏற்பாடு போதாது. அங்கே இரண்டு மெஷின், மாறி மாறி ஓட டைமர், மாதாந்திரச் சோதனை, கூப்பிட்டால் எத்தனை மணி நேரத்துக்குள் ஆள் வர வேண்டும் என்ற வரி, தவறினால் எவ்வளவு பிடித்தம் என்பது, எல்லாவற்றையும் தனி ஒப்பந்தமாகவே போடுங்கள்.