எச்சில் கிட்டா, என் ரத்தமா, அத்தையின் ரத்தமா?

அத்தைக்கு மார்பகப் புற்றுநோய் வந்தபோது வயது 41. என் பாட்டி ‘வயிற்றுக் கட்டி’யில் போனதாகத்தான் வீட்டில் சொல்வார்கள். அது சினைப்பைப் புற்றுநோய் என்பது பரணிலிருந்த பழைய ஃபைலைப் பிரித்தபோதுதான் தெரிந்தது. “அப்பா வழிதானே, உனக்கு ஒண்ணும் வராது” என்று மாம்பலத்துச் சொந்தங்கள் எல்லோரும் சொன்னார்கள். அது தவறு. பி.ஆர்.சி.ஏ. 1, பி.ஆர்.சி.ஏ. 2 என்ற மரபணுக்களில் கோளாறு இருந்தால் மார்பக, சினைப்பைப் புற்றுநோய் ஆபத்து கூடும்; அந்தக் கோளாறு அப்பாவிடமிருந்தும் வரும், அம்மாவிடமிருந்தும் வரும். எந்தப் பக்கமானாலும் ஒவ்வொரு பிள்ளைக்கும் 50 சதவீத வாய்ப்பு.

சரி, அது என்னிடம் இருக்கிறதா என்று பார்க்க எந்தப் பரிசோதனை?

வீட்டிலேயே எச்சில் எடுத்து அனுப்பும் கிட்டை முதலிலேயே ஒதுக்கிவிட்டேன். அமெரிக்காவில் 2018-ல் 23அண்ட்மீ என்ற மரபணுப் பரிசோதனை நிறுவனம் அனுமதி வாங்கிய பரிசோதனை, அஷ்கெனாசி யூதர்களிடம் (மத்திய, கிழக்கு ஐரோப்பிய வழிவந்த யூதர்கள்) அதிகம் காணப்படும் மூன்றே மாற்றங்களைத்தான் தேடியது. நோய்க்கு வழிவிடும் மாற்றங்களோ இந்த இரண்டு மரபணுக்களிலும் சேர்த்து ஆயிரத்துக்கும் மேல். அப்படிப்பட்ட கிட்டில் ‘இல்லை’ என்று வந்தால், அதை நம்பி மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) எடுக்காமல் இருந்துவிடுவோமே என்பதுதான் என் பயம்.

அடுத்தது, நானே லேபில் ரத்தம் கொடுத்து, பல மரபணுக்களை முழுதாகப் படிக்கும் பேனல் டெஸ்ட் எடுப்பது. கிட்டைவிடப் பல மடங்கு மேல். ஆனால் இதிலும் இரண்டு சிக்கல். ஒன்று, ‘பொருள் தெளிவாகாத மாற்றம்’ என்றொரு பதில் வரலாம். உலகத் தரவுகளில் பெரும்பகுதி ஐரோப்பிய வம்சாவளியினருடையது என்பதால் நம்மவர்களுக்கு இந்தப் பதில் கூடுதலாகவே வருகிறது. அதை வைத்து அறுவை சிகிச்சை முடிவு எதுவும் எடுக்கக் கூடாது. இன்னொன்று, எனக்கு ‘இல்லை’ என்று வந்தால், குடும்பத்துக் கோளாறு என்னிடம் இறங்கவில்லையா, அல்லது அந்தக் கோளாறு இந்த டெஸ்டுக்கே அகப்படாததா? சொல்ல முடியாது.

அதனால்தான் நோய் வந்தவரிடமிருந்து தொடங்கச் சொல்கிறார்கள் மரபணு ஆலோசகர்கள். அத்தையின் ரத்தத்தில் கோளாறு எந்த இடத்தில் என்று தெரிந்துவிட்டால், மற்றவர்களுக்கு அந்த ஒரு இடத்தை மட்டும் பார்த்தால் போதும். செலவு குறைவு, பதிலும் தெளிவு. எனக்கு அது இல்லையென்றால் என் ஆபத்து மற்ற பெண்களுக்கு உள்ள அளவுதான். இருந்தால், 25 வயதிலிருந்து ஆண்டுதோறும் மார்பக எம்.ஆர்.ஐ. ஸ்கேன், 30-லிருந்து மேமோகிராமும் சேரும். குழந்தைப்பேறு முடிந்த பிறகு, 35-லிருந்து 40-க்குள் சினைப்பைகளையும் கருக்குழாய்களையும் எடுப்பது பற்றியும் பேசுவார்கள். பி.ஆர்.சி.ஏ. 2 என்றால் இந்த அறுவையைச் சில ஆண்டுகள் தள்ளிப்போடலாம்.

டெஸ்டுக்கு முன்பே ஆலோசகரிடம் உட்கார வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்லக் காரணம் அப்பா. எனக்கு அத்தையின் கோளாறு இருந்தால், அது அப்பா வழியாகத்தான் வந்திருக்கும். அவர் கேட்காமலேயே அவருடைய ரிப்போர்ட்டும் வெளியாகிவிடும். பி.ஆர்.சி.ஏ. 2 என்றால் அவருக்குப் புராஸ்டேட் புற்றுநோய் வருகிறதா என்றும் கவனிக்க வேண்டும். தங்கைக்கு வரன் பார்க்கும் நேரத்தில் இதெல்லாம் எதற்கு என்று அம்மா கலங்கினார். யாரிடம் சொல்வது, எப்போது சொல்வது என்பதையும் அந்த அறையிலேயே பேசலாம் என்று புரியவைத்தேன்.

அத்தை யோசிக்கவே இல்லை. “எங்கம்மாவுக்கு என்னன்னு தெரியாமலே அனுப்பிட்டோம். உனக்காவது தெரியட்டும்டி” என்றார். அடுத்த செக்கப் அன்று ரத்தம் கொடுக்கிறார். அப்பாவும் கூட வருகிறார்.