பிளக்-இன் ஹைபிரிட் காருக்கு 91 ஆக்டேனா, 95 ஆக்டேனா?

சார்ஜ் செய்து பெரும்பாலும் மின்சாரத்தில் ஓடி, தேவைப்படும்போது பெட்ரோலையும் பயன்படுத்தும் காருக்கு விலை கூடிய பெட்ரோல் எதற்கு என்ற தயக்கம் நியாயமானதே.

செலவு: 91 மலிவு. அதற்கென வடிவமைத்த எஞ்சினில் 95 ஊற்றினாலும் பெரிய பயனில்லை. ஆக்டேன் எண் காட்டுவது ஆற்றலை அல்ல, அழுத்தத்தில் தானாகத் தீப்பற்றாமல் தாங்கும் தன்மையையே.

எஞ்சின்: 95 கேட்கும் டர்போ எஞ்சினில் 91 ஊற்றினால், நாக்கிங்கை (பெட்ரோல் தானாகத் தீப்பற்றி எஞ்சின் தட்டுவதை) தவிர்க்கக் காரின் கணினி தீப்பொறி நேரத்தைத் தாமதப்படுத்துவதால் இழுவை குறையும்.

தேக்கம்: மாதக்கணக்கில் தொட்டியில் கிடந்தால் இரண்டுமே கெடும், தேவையான அளவு மட்டும் நிரப்புங்கள்.

ஒரே பெயருள்ள காரிலும் தேவை மாறலாம்: செவ்ரோலெட் வோல்ட்டின் முதல் தலைமுறை உயர் ஆக்டேன் கேட்டது, 2016 மாடலுக்குச் சாதாரண பெட்ரோலே போதுமானது.

எரிபொருள் மூடியின் உட்புறத்தில் 95 என்றிருந்தால் 95. 91 என்றிருந்தால், தயங்காமல் 91.