சமுதாயக் கல்லூரியில் இன ஆய்வும் மனித சேவையும்: சேரலாமா?

சமுதாயக் கல்லூரியில் (கம்யூனிட்டி காலேஜ்) கலிஃபோர்னியாவாசிகளுக்கு ஒரு யூனிட் (பாடங்களை அளக்கும் அலகு) 46 டாலர்தான். 60 யூனிட் முடித்தால் அசோசியேட் என்கிற இரண்டாண்டுப் பட்டம். பிள்ளைகள் வளர்ந்ததும் எங்கள் ஊர்க் கல்லூரியில் மாலை வகுப்பில் சேர்ந்தேன். இன ஆய்வு (கறுப்பர், ஆசியர் போன்ற சிறுபான்மை இனத்தவரின் வரலாறும் வாழ்வும்) வகுப்பு அபாரம். 1968 நவம்பரில் சான் ஃபிரான்சிஸ்கோ ஸ்டேட் மாணவர்கள் தொடங்கிய வேலைநிறுத்தம் ஏறக்குறைய ஐந்து மாதம் நீண்டது. இந்தத் துறைக்கு வழி திறந்ததே அதுதான். 1923இல், பஞ்சாபிலிருந்து குடியேறிய பகத் சிங் திந்தின் வழக்கில், இந்தியர் ‘வெள்ளையர்’ அல்ல, குடியுரிமை கிடையாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னதைப் படித்த அன்று, எங்கள் வீட்டு கிரீன் கார்டு புலம்பல் கொஞ்சம் அடங்கியது. (கொஞ்சம்தான்!)

மனித சேவைப் பாடம் (சமூக நலப் பணிக்கான படிப்பு) சுமார். கேஸ் நோட்ஸ் (உதவி தேடி வருபவர் பற்றிய பதிவுக் குறிப்பு) எழுதும் பயிற்சி உருப்படி. களப்பயிற்சிக்கு இடம் தேடுவது நம் தலையில். ஆலோசகரைப் பார்ப்பது திருப்பதி தரிசனம் மாதிரி. பல்கலைக்கழகத்துக்கு மாறுவதாக இருந்தால், எந்தப் பாடம் செல்லும் என்று ‘அசிஸ்ட்’ தளத்தில் முதலிலேயே பார்த்துவிடுங்கள்.