கோழிக்குக் கைமருந்து: பல மழைக்காலம் பாவித்துப் பார்த்ததில்

கொழும்பில் வெள்ளவத்தை, தெஹிவளைப் பக்கம் மதிலோரமாக ஐந்தாறு கோழி வளர்க்கும் வீடுகளில் மஞ்சள், வேப்பிலை, உள்ளி, தேங்காய் எண்ணெய் நாலும்தான் முதல் மருந்து. தோல், கால், இறகு மூன்றுக்கும் இவை நன்றாகக் கேட்கும். குடலுக்குள் போன நோய்க்கு இவற்றை நம்பி நாள் கடத்தினால் கோழி மிஞ்சாது.

அதிகம் பலன் தருவது கால் சொறிக்குத்தான். கால் செதில்களுக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாத உண்ணி புகுந்து, செதில் தூக்கி, சுண்ணாம்பு அப்பியதுபோலத் தடிக்கும். இளஞ்சூட்டு நீரில் காலைப் பத்து நிமிடம் ஊறவிட்டு, பழைய பல்லுப் பிறஷால் மெதுவாகத் தேய்த்து, துடைத்துக் காயவிட வேண்டும். பிறகு நாலு பங்கு தேங்காய் எண்ணெய்க்கு ஒரு பங்கு வேப்பெண்ணெய் கலந்து, செதில் இடுக்கெல்லாம் இறங்கும்படி பூச வேண்டும். எண்ணெய் உண்ணியை மூச்சடைக்கச் செய்து கொல்கிறது. முதல் வாரம் ஒன்றுவிட்டொரு நாள், பிறகு வாரத்துக்கு ஒருமுறை என்று ஐந்து வாரமாவது பூசாவிட்டால் திரும்பி வரும். நிறுத்தி விடுவதுதான் பலர் விடும் பிழை. செதிலைப் பிய்க்கக் கூடாது, இரத்தம் வரும். மண்ணெண்ணெய் பூசக் கூடாது, தோலைச் சுட்டுவிடும். கூட்டில் உள்ள எல்லாக் கோழிக்கும், அவை உட்காரும் கட்டைக்கும் சேர்த்துப் பூச வேண்டும்.

பேனுக்குச் சாம்பல் குளியல். காஸ் அடுப்பு வீடுகளில் சாம்பல் ஏது? விறகுப் போறணை வைத்திருக்கும் பேக்கரியில் கேட்டால் கிடைக்கும். பெயின்ற் அடித்த பலகை எரித்த சாம்பல் ஆகாது. சலித்த சாம்பல் ஒரு பங்கு, காய்ந்த மணல் இரண்டு பங்கு, உலர்த்திப் பொடித்த வேப்பிலை இரண்டு கைப்பிடி. இதை அகலமான பேசினில் கூரைக்குக் கீழே வைக்க வேண்டும். பழைய ரயர் வேண்டாம். தண்ணீர் தேங்கி டெங்கு நுளம்பு பெருகும். சாம்பல் நனைந்தால் காரமாகிக் கால் தோலை அரிக்கும், உடனே மாற்றுங்கள். பேன் முட்டைக்குச் சாம்பல் எட்டாது. ஆகவே பத்து நாள் கழித்து வாலடி இறகைப் பிரித்து மறுபடி பாருங்கள்.

அம்மைக்கு வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துத் தேங்காய் எண்ணெயில் குழைத்துப் பூசுவது நல்லதே, ஆனால் அது வைரஸைக் கொல்வதில்லை. கொப்புளம் இரண்டு முதல் நாலு வாரத்தில் தானாகவே உதிரும். பூச்சு அதுவரை புண்ணில் சீழ் பிடிக்காமல் காக்கிறது. கிழங்கு மஞ்சளை உரைத்தெடுங்கள். 2020இல் மஞ்சள் தட்டுப்பாடு வந்தபோது தூளில் மா கலந்து விற்றது நினைவிருக்கும். வாய்க்குள் மஞ்சள் நிறப் படலம் கட்டினால் பூச்சால் பயனில்லை, வைத்தியரிடம் போக வேண்டும். நோயைக் காவுவது நுளம்பு. மழை விட்ட கையோடு கூட்டுக்கு வலை கட்டுவது எந்தப் பூச்சையும்விட மேல்.

உள்ளித் தண்ணீர் சளிக்கு என்று கொடுப்பார்கள். லீற்றருக்கு நசுக்கிய ஒரு பல் போதும், கொழும்பு வெக்கையில் அன்றன்றே மாற்ற வேண்டும். குணமாக்குகிறது என்று சொல்ல மாட்டோம்.

இரத்தக் கழிச்சலில்தான் அதிகம் குஞ்சுகள் வீணாகச் சாகின்றன. மூன்று முதல் ஆறு வாரக் குஞ்சு இறகை உப்பிக்கொண்டு ஒதுங்கி, எச்சத்தில் இரத்தம் கண்டால் கொய்யாக் கொழுந்து, மாதுளந்தோல், மோர் என்று இரண்டு நாள் பார்ப்பதற்குள் காரியம் முடிந்துவிடும். கால்நடை மருந்துக் கடையில் அம்ப்ரோலியம் கேட்டு வாங்கி, உறையில் உள்ள அளவில் தண்ணீரில் கொடுங்கள். அந்த நாட்களில் பி1 உள்ள விற்றமின் கொடுக்கக் கூடாது, மருந்தின் வேலையையே அது கெடுக்கும். கூட்டில் பரப்பிய மரத்தூள் ஈரமாக இருந்தால், இரத்தக் கழிச்சலை உண்டாக்கும் கிருமியின் முட்டை இரண்டு நாளுக்குள் தொற்றும் பருவத்துக்கு வந்துவிடும். ஆகவே மரத்தூளைத் தினமும் கிளறி, நனைந்ததை அள்ளி வீசுங்கள்.

பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்து கழுத்து முறுக்கினால் ராணிக்கெட் என்ற வைரஸ் நோயாக இருக்கலாம். அதற்கு மிளகும் வெங்காயமும் உருட்டிக் கொடுத்துப் பிழைத்தது, தானாகவே பிழைத்திருக்கக் கூடிய கோழிதான். தடுப்பூசி முன்கூட்டியே போட்டிருக்க வேண்டும். செத்ததை வெள்ளவத்தைக் கால்வாயில் எறியாமல் ஆழமாகக் குழி தோண்டிச் சுண்ணாம்பு தூவிப் புதையுங்கள். மிச்சக் கோழிகளை விற்கவோ கொடுக்கவோ வேண்டாம்.