அக்காவும் மூணு கேமராவும்

இந்தத் தடவை லண்டனிலிருந்து மதுரைக்கு வந்தது கோயில் குளம் சுற்ற இல்லை. அக்காவுக்கு இடது மார்பில் புற்றுநோய் ஆபரேஷன் முடிந்து கரண்ட், அதாவது கதிர்வீச்சு சிகிச்சை, வைக்க வேண்டியிருந்தது. 15 சிட்டிங், மொத்தம் 40 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு), மூன்று வாரம். என் லீவும் அவ்வளவுதான்.

முன்பு அத்தைக்குக் கரண்ட் வைத்தபோது உடம்பெல்லாம் மார்க்கர் கோடு. அழிந்துவிடும் என்று குளிக்க விடவில்லை, அதுவும் சித்திரை வெயிலில். இப்போது கூரையில் மூன்று கேமரா. சிவப்பு வெளிச்சம் உடம்பின்மேல் புள்ளிப் புள்ளியாக விழ, தோலின் மேடு பள்ளத்தை அளந்து, திட்டமிடும்போது எடுத்த சிடி ஸ்கேனோடு விடாமல் ஒப்பிடுகிறது. வெறும் வெளிச்சம்தான், கூடுதல் கதிர்வீச்சு கிடையாது. உள்ளே இருப்பது அதற்குத் தெரியாது என்பதால் எக்ஸ்ரேயும் எடுத்துச் சரிபார்த்தார்கள்.

இடது பக்கம் என்றால் இதயத்தில் கதிர் அதிகம் படாமலிருக்க, பெரும்பாலும் மூச்சை இழுத்துப் பிடிக்க வேண்டும். நுரையீரல் விரிந்து இதயம் மார்புச் சுவரைவிட்டு விலகும். உடம்பு விலகுவதற்கு அக்காவுக்கு வைத்திருந்த எல்லை 3 மில்லிமீட்டர். தாண்டினால் கரண்ட் தானாக நின்றுவிடும்.

இதில் ஒரு வார்த்தைகூட அக்காவிடம் யாரும் சொல்லவில்லை. "மேல்துணிய எடுங்கம்மா, அசையாதீங்க" என்றதோடு சரி. துணி இருந்தால் கேமராவுக்குத் தோல் தெரியாது என்பதையாவது சொல்லியிருக்கலாம். கூச்சத்தில் தோளை இறுக்கிக்கொண்டே படுத்திருந்தாள். தோள் இறுகினால் அளவு எப்படிப் பொருந்தும்? நாற்பது நிமிஷம் ஆனது. வெளியே வந்து என் காதில், "ஏன்டி, மேல கேமரா வச்சுப் படம் புடிக்கிறாங்களே, போன்ல போட்ருவாங்களா?" என்றாள். ராத்திரி சாப்பிடவில்லை.

மறுநாள் சத்தம் போட்டேன். ஒரு டெக்னீசியன் பெண் அக்காவைத் திரைக்கு முன்னால் கூட்டிப்போய் முந்தின நாள் பதிவைக் காட்டியது. முகம் கிடையாது. களிமண்ணில் பிடித்துவைத்த மாதிரி கழுத்துக்குக் கீழே ஒரு உருவம், ஒரே நிறத்தில்.

"இதுவா நானு? இவ்ளோ குண்டாவா இருக்கேன்?"

அன்றைக்கு இருபது நிமிஷத்தில் வெளியே வந்துவிட்டாள். அப்புறம் வீட்டில் பால் பொங்கும்வரை அடுப்பு முன்னாலேயே மூச்சுப் பிடிக்கும் பயிற்சி. மாமா இருபதுவரை எண்ணுவார், வேண்டுமென்றே மெதுவாக.

முதல் நாளே திரையைக் காட்டிவிடுங்கள் என்று எழுதி ஆலோசனைப் பெட்டியில் போட்டேன். அந்தப் பெட்டியின் சாவி யாரிடம் என்று வாட்ச்மேனுக்கும் தெரியவில்லை.